எலி போட்ட துளை

தோல் வேலையை ஆசைக்குச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். காய்ந்த தோலில் ஊசியை இறக்காதீர்கள். தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துத் துணியால் ஒற்றிவிடுங்கள். உள்ளங்கையில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், கை நனையக் கூடாது. அந்தப் பதத்தில் தோல் சொன்ன பேச்சைக் கேட்கும். காய்ந்ததைக் குத்தினால் ஊசியும் முறியும், விரலும் கிழியும். நான் இரண்டையும் பார்த்தவன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வேலையில் கெட்ட நாற்றம் தோலிலிருந்து வருவதில்லை. அது மனுசர்களிடமிருந்து வருகிறது. இதை எந்தக் கடைக்காரரும் உங்களுக்குச் சொல்லமாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

நாமக்கல்லுக்கு மேற்கே, கிணற்றுப் பாசனத்தில் பிழைத்த விவசாயக் குடும்பம் எங்களுடையது. தோல் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு நாள் விடியாது. காளையின் கழுத்துப் பட்டை தோல், சாட்டையின் நுனி தோல், அப்பன் காலில் கிடப்பது தோல். கிணற்றிலிருந்து காளை கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையில், இரும்புச் சாலுக்கு அடியில் யானையின் துதிக்கையாட்டம் தொங்குமே, அந்தத் தும்பியும் தோல்தான். அதன் வழியாக வந்த தண்ணீரைத்தான் நாங்கள் வாய்க்காலில் அள்ளிக் குடித்தோம். அதிலெல்லாம் தீட்டில்லை. எங்கள் ஆள் ஒருவன் ஊசியைக் கையில் எடுத்தால் மட்டும் தீட்டு. இந்த நியாயம் எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

அறுந்துபோன என் செருப்பைச் சும்மா பிரித்துப் பார்த்ததில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. நூல் எங்கே உள்ளே போகிறது, எங்கே வெளியே வருகிறது என்று பார்த்துப் பார்த்து, திரும்பவும் அதே வழியில் ஓட்டினேன். கோணலாகத்தான் வந்தது. உங்களுக்கும் அப்படித்தான் வரும், அதற்காக விட்டுவிடாதீர்கள். பிறகு சேலத்துக்குப் பருத்தி வண்டியோடு போகும்போதெல்லாம் தோல் மண்டிக்குப் போய்க் கழிவுத் துண்டு வாங்கிவருவேன். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோல், செம்மண் நிறத்தில் இருக்கும். மண்டிக்கார பாய் நல்ல மனுசர். “வயித்துப் பக்கம் வேணாம் தம்பி, போகப் போக இழுத்துக்கும். முதுகுத் துண்டா எடுத்துக்கங்க” என்பார். விலை சல்லிசு என்று ஒரு தடவை வயிற்றுத் துண்டை வாங்கிப் பை தைத்தேன். மூன்றே மாதத்தில் அது கிழவன் கன்னம் மாதிரித் தொங்கிவிட்டது.

என் வேலையை மெச்சியவள் ஒருத்திதான், என் தங்கை. அவளுடைய மரச்சீப்பை அழுத்தித்தான் துளைக்குப் புள்ளி வைப்பேன். சீப்பின் பல்லைவிடச் சரியான அளவுகோல் சின்னப் பைகளுக்குக் கிடையாது, நீங்களும் செய்து பாருங்கள். அவளுக்கு ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடுத்தேன். “ஏண்ணா, கடையில வாங்குனதுன்னே சொல்லிக்கட்டுமா?” என்று கேட்டாள். சொல்லிக்கொள் சாமி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

அந்த வருசம் அவளுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. பையன் பரமத்திப் பக்கம், அவள் வயதுக்கேற்றவன். சொந்தக்காரர் வீட்டு விசேசத்தில் அவளும் பார்த்திருக்கிறாள், பிடித்திருந்தது. அவன் பேர் அடிபட்டால் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். மஞ்சள் வெட்டி விற்றதும் கல்யாணம் என்று பேச்சு. எங்கள் வீட்டில் நகையும் சீரும் எல்லாமே அந்த மஞ்சள் காட்டில்தான் முளைத்துக்கொண்டிருந்தன.

ஆவணியில் மழை ஏமாற்றிவிட்டது. அதே வேளை பார்த்துத் தும்பியின் தையல் நீளத்துக்கும் விட்டுப்போனது. சால் மேலே வருவதற்குள் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போகும், மீதி சாரலாகத் தெறிக்கும். எங்கள் ஊருக்குத் தோல் வேலை செய்துவந்தவர் மேட்டூரில் அணை கட்டும் வேலைக்குப் போயிருந்தார். அங்கே நாள் கூலி கையில் கிடைத்தது, யாரும் ‘வாடா போடா’ என்பதில்லை, ஏன் திரும்பி வருகிறார்? பக்கத்து ஊர்க்காரர் தன் ஊர் வேலையே தீரவில்லை என்று கையை விரித்துவிட்டார். அப்பன் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். மஞ்சள் இலை சுருளத் தொடங்கியது.

அப்பன் திருச்செங்கோட்டுச் சந்தைக்குப் போன அன்று தும்பியைக் கழற்றி மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். தங்கை தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, மறு நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பழைய துளையெல்லாம் கிழிந்திருந்ததால் ஓரத்தை நறுக்கித் தள்ளிவிட்டு, உள்ளே தள்ளி விரல்கடைக்கு ஒன்றாகப் புதுத் துளை போட்டேன். தண்ணீர் நிற்க வேண்டிய தையலுக்கு நூல் உதவாது, தோல் வார்தான் வேண்டும். வாருக்கு விளக்கெண்ணெய் தடவி, ஒவ்வொரு குத்துக்கும் இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் கை தளர்ந்தால் அங்கேதான் ஒழுகும். என் வாழ்நாளில் நான் செய்த நல்ல வேலை அதுதான். பெருமையாகவே சொல்கிறேன்.

பொழுது சாய்வதற்குள் சாலில் கட்டிக் காளையைப் பூட்டினேன். முதல் சால் மேலே வந்தது, ஒரு சொட்டு வீணாகவில்லை. குபுகுபுவென்று வாய்க்காலில் கொட்டியது. தங்கை மண்வெட்டியோடு மஞ்சள் பாத்திக்கு ஓடினாள். “தண்ணி வருதுண்ணா! வருதுண்ணா!” என்று அங்கிருந்து அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு பாத்தி நனைந்திருக்கும். அப்பன் வந்துவிட்டார்.

தண்ணீரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “வந்துட்டானா? எப்ப வந்தான்?” என்றார்.

“அவரு வரலீங்கப்பா. நாந்தான் தெச்சனுங்க.”

அவர் காளையை அவிழ்த்துவிட்டு, சாலை இழுத்துக் கரையில் போட்டார். இடுப்பிலிருந்த சூரிக்கத்தியை எடுத்து வாரை ஒவ்வொரு குத்தாக அறுத்தார். தோலில் ஒரு கீறல் விழாமல் அறுத்தார், தோலுக்கு விலை உண்டே! தங்கை ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள், உதறினார். தோல் தைக்கிறவர்களின் சாதிப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அது வசவு என்று அவர் நினைத்தார்.

“ஊருக்குத் தெரிஞ்சா எம் பொண்ண எவன்டா கட்டுவான்? அவ வாழ்க்கையில மண்ணப் போடப் பாத்தியேடா!” என்று கத்தினார்.

அந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றத்தான் அதை அறுத்தாராம். செருப்புக்காகக் காலை வெட்டின கதைதான், வேறென்ன!

திரும்பத் தைக்க ஆள் கிடைக்கவில்லை. நானும் தங்கையும் குடத்தில் மொண்டு ஊற்றிப் பார்த்தோம். மஞ்சள் காடு குடத்துக்குக் கட்டுப்படுமா? நனைந்த இரண்டு பாத்தி மட்டும் கொஞ்ச நாள் பச்சையாக நின்றது. பிறகு அதுவும் போனது. ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. யாருக்கு வேண்டும் அந்த மழை? மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகத்தான் பேசினார்கள், அடுத்த வருசம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். தை பிறந்ததும் பையனுக்கு வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள்.

அப்பன் அதற்கப்புறம் அலைந்து திரிந்து தம்மம்பட்டிப் பக்கம் ஒருவரைப் பிடித்தார். மனைவியைப் பறிகொடுத்தவர், இரண்டு குழந்தைகள், அப்பனைவிட நாலைந்து வயதுதான் இளையவர். நகை வேண்டாம், சீர் வேண்டாம் என்றார். நல்ல மனசு என்று ஊரே புகழ்ந்தது. தங்கையை யாரும் கேட்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் சோறு இறங்காதவன் சொல்லை எந்த வீட்டில் மதிக்கிறார்கள்?

மேட்டூர் அணை வேலைக்குப் போயிருந்த எங்கள் ஊர்த் தோல் வேலைக்காரர் மாசியில் மாரியம்மன் பண்டிகைக்காக ஊருக்கு வந்தார். அப்பன் உடனே தும்பியைத் தைக்கச் சொல்லிக் கிணற்று மேட்டுக்குக் கூப்பிட்டார். அவர் உட்கார்ந்து தோலை விரித்தார். ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனவர் கையை நிறுத்தினார்.

“ஆருங்க பண்ணாடி இந்தத் தொளை போட்டது?” என்று அப்பனைக் கேட்டார்.

அப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “எலி கடிச்சிருக்கும்டா. நீ உன் வேலையப் பாரு” என்றார்.

“சரிங்க. புதுசாப் போட வேண்டியதில்லீங்க, இதுலயே வாரை ஓட்டிரலாமுங்க” என்று சொல்லி, அவர் குத்தூசியைக் கீழே வைத்துவிட்டு வாரை எடுத்தார்.

காளைக்குத் தவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்த தங்கை இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். பானையை இறக்கி வைத்தாள். அப்பன் முன்னால் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே கிடையாது.

“எலி இல்லீங்க. எங்கண்ணன் போட்ட தொளைங்க அது. அத்தனையும் எங்கண்ணன் போட்டதுங்க” என்று அவரிடம் சொன்னாள். பிறகு அப்பன் பக்கம் திரும்பினாள். “இனி ஊருக்குத் தெரிஞ்சா என்னங்கப்பா? என்னைத்தான் ரெண்டாந்தாரமாப் பேசி முடிச்சாச்சுங்களே.”

மேட்டூர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டு முதல் துளையில் வாரை நுழைத்து இழுத்தார்.