மூன்றாவதாக வந்த மாணவி

இரண்டு வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. சிதம்பரத்தை ஒட்டிய ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், சட்டையைக் கழற்றிவிட்டு ஓர் இரும்புக் கட்டிலில் படுத்திருந்தேன். அன்று எனக்கு உடம்புக்கு ஒன்றும் வந்துவிடவில்லை. தங்கப் பதக்கத் தேர்வுக்கு நோயாளியாக என்னை வரச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு வயது எழுபத்திரண்டு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு. கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை வைக்கும் அரசுப் பணியில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். அந்த வேலையில் யாரையும் நம்ப முடியாது. பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்யும் கடைக்காரரின் தராசுத் தட்டைத் திருப்பிப் பார்த்தால், அடியில் ஒரு துண்டு புளி ஒட்டியிருக்கும். வேலை போன பிறகும் புத்தி போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுவேன். பால் பாக்கெட்டை வீட்டுத் தராசில் வைத்துப் பார்ப்பேன். "எண்ணி முடிச்சாச்சா, சோறு போடலாமா?" என்று என் மனைவி தினமும் கேட்பாள்.

சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் என் இதய வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கிறது. நாடி ஒழுங்காக அடிக்காது. நான்கு அடித்து நிற்கும், பிறகு மூன்று சேர்ந்து ஓடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். அதற்காக மாதம் ஒருமுறை அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். எத்தனை மணிக்குப் போனேன், யார் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுவேன்.

அந்த மாதம் போனபோது, அங்குள்ள இளம் மருத்துவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இறுதியாண்டில் முதல் ஐந்து இடங்களில் இருக்கும் மாணவர்களுக்கு மட்டும் ஒரு தேர்வு நடக்கப்போகிறது என்றார். ஐந்து பேரும் ஒரே நோயாளியை ஆளுக்கு அரைமணி நேரம் சோதிக்க வேண்டும். என்ன நோய், எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்று தேர்வாளர்களிடம் விளக்க வேண்டும். முதலிடம் பெறுபவருக்குப் பட்டமளிப்பு விழாவில் தங்கப் பதக்கம். அந்த நோயாளியாக நான் இருக்க முடியுமா என்று கேட்டார்.

கேட்டுவிட்டு இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். உடம்புக்கு என்ன செய்கிறது என்று மாணவர்கள் கேட்டால் சொல்லலாம், நோயின் பெயரை மட்டும் சொல்லக் கூடாது. இன்னொன்று, கடந்த மூன்று மாதத்தில் மாணவர்கள் யாராவது என்னைச் சோதித்திருக்கிறார்களா?

"ஒருத்தரும் இல்ல சார். எங்கிட்ட நோட்டு இருக்கு" என்றேன்.

தேர்வுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அத்தனை நாளும் எனக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. ரத்தம் கொடுக்கும் வரிசையில் முன்பு ஒருவர் சொல்லியிருந்தார். எந்த ஊரிலோ, நோயாளியின் வாயிலிருந்தே நோயின் பெயரைப் பிடுங்கிப் பரிசு வாங்கிவிட்டானாம் ஒரு மாணவன். அது என் விஷயத்தில் நடக்க விடக் கூடாது என்று முடிவு செய்தேன். மாத்திரை அட்டைகளைப் பிரித்து, பெயர் தெரியாதபடி வெறும் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். பழைய சீட்டுகள் இருந்த ஃபைலை, கையெழுத்து வாங்கிக்கொண்டு மருத்துவரிடமே ஒப்படைத்தேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தேர்வு நாளன்று, என்னைக் கவனித்துக்கொள்ள வார்டு ஆயா ஒருத்தியை வைத்திருந்தார்கள். நல்ல வாய்த்துடுக்கு.

"ஏம்மா, வெளிய காத்திருக்கிற பசங்க கிட்ட போனு இருக்குதா?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் புடுங்கி வெச்சிட்டாங்க பெரியவரே."

"எத்தினி போனு? அஞ்சா?"

"அஞ்சுதான். ஒனக்கு சந்தேகமா இருந்தா நீ போயி எண்ணிட்டு வா. ரொம்பத்தான்! பொண்ணு பாக்க வந்த மாதிரி வரிசையா வந்து பாக்கப் போறாங்க, செத்த சிரிச்ச மொகமா இரு."

முதலில் வந்த மாணவன் பதினைந்து விநாடி நாடி பிடித்து நான்கால் பெருக்கிக்கொண்டான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியும். பிறகு ரொம்பவும் அன்பாக, "தாத்தா, இது என்னா நோவுன்னு பெரிய டாக்டருங்க ஒங்களுக்குச் சொல்லியிருப்பாங்களே?" என்றான். பார்த்தீர்களா! "அதச் சொல்றதுக்குத்தானப்பா நீ வந்திருக்க" என்று வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவதாக வந்த பெண்ணுக்குக் கை சில்லிட்டிருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை என் நெஞ்சில் ஏழு இடங்களில் வைத்தாள். ஏழு இடத்திலும் முகம் தெளியவில்லை.

மூன்றாவதாக வந்த பெண் ஒல்லியாக இருந்தாள். திரையை விலக்கிக்கொண்டு வந்தவள், என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கையில் இருந்த குறிப்புத்தாளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "ஒரு நிமிஷம் தாத்தா" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

ஒரு நிமிடம் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. பதினொரு நிமிடம் வரை எண்ணினேன். அவள் வரவில்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் நான்காவது மாணவன் உள்ளே வந்தான்.

அவன் நடந்துகொண்ட விதம்தான் என்னை உலுக்கிவிட்டது. ஒரு முழு நிமிடம் நாடி பிடித்தான். நெஞ்சில் தேடவே இல்லை. என்னை இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொல்லி, நேராக ஓர் இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். பெரிய மருத்துவர் எப்போதும் வைக்கிற அதே இடம்! எழுந்ததும் கேட்டான்: "சின்ன வயசுல மூட்டு வீங்கி, ஜாஸ்தியா காய்ச்சல் வந்துச்சா தாத்தா?" முதல் இருவரும் அந்தக் கேள்விக்கு வரவே இல்லை. இவனுக்கு அது மூன்றாவது கேள்வி.

எனக்குக் கணக்கு சரியாக வந்துவிட்டது. மூன்றாவது பெண் என்னைப் பார்த்ததும் வெளியே போனாள். போனவள் திரும்பவில்லை. அடுத்து வந்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. யாரோ அவளுக்கு முன்கூட்டியே என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அவள் இவனுக்குச் சொல்லிவிட்டாள். தட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

அவன் கால்மணி நேரத்திலேயே முடித்துக்கொண்டு போனதும் கட்டிலை விட்டு இறங்கினேன். "யோவ், எங்க போற, சட்டைய போடு!" என்று ஆயா கத்தினாள். நான் கேட்கவில்லை. வேட்டியோடு நேராகத் தேர்வாளர்கள் அறைக்குள் போய்விட்டேன். அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வெளியூரிலிருந்து வந்திருந்த மூத்த பேராசிரியை.

"இந்தப் பரீட்சைய நிறுத்துங்கம்மா. விஷயம் வெளிய போயிருச்சு. மூணாவதா வந்த பொண்ணு நாலாவது பையனுக்குச் சொல்லிக் குடுத்துருக்கு. நான் அரசாங்கத்துல இன்ஸ்பெக்டரா இருந்தவன். எழுத்து மூலமாவே தரேன்" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஒரு தாளை வாங்கி, நேரங்களைக் குறிப்பிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பேராசிரியை முகம் மாறிவிட்டது. அந்தப் பெண்ணை அழைத்து வரச் சொன்னார். பக்கத்துப் பெண்கள் வார்டில் வேறொரு நோயாளியைச் சோதித்துக்கொண்டிருந்தவளைப் பாதியில் எழுப்பிக் கூட்டி வந்தார்கள். என் தாளைப் படித்துக் காட்டினார்கள்.

"மேடம், நான் எந்தப் பையனையும் பாக்கக்கூட இல்ல" என்றாள். உதடு துடித்தது. நடிக்கிறாள் என்று நான் நினைத்தேன். இதை இப்போது எழுதவே கூசுகிறது.

அதற்குள் என்னை ஏற்பாடு செய்த இளம் மருத்துவர் ஓடி வந்தார். "மேடம், தப்பு என்னோடது. இந்தப் பொண்ணு உள்ள போன ஒடனே வெளிய வந்து எங்கிட்ட சொல்லிட்டாங்க. 'இவர ஏற்கெனவே பாத்திருக்கேன், இவரு நோவு எனக்குத் தெரியும், எனக்கு வேற கேஸ் குடுங்க'ன்னு கேட்டாங்க. நான்தான் வேற நோயாளியத் தேடிப் புடிச்சு, கூட்டிட்டுப் போயி அந்த வார்டுல விட்டேன். ஒங்ககிட்ட வந்து சொல்றதுக்குள்ள இவரு வந்துட்டாரு."

பேராசிரியை என் பக்கம் திரும்பினார். "மாணவர்கள் யாரும் பாக்கலன்னு நீங்க சொன்னீங்களாமே?"

"ஆமாம்மா. இந்தப் பொண்ண நான் பாத்ததே இல்ல. சத்தியமா சொல்றேன்."

அப்போதுதான் அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "போன மாசம் ரத்தம் குடுக்குற வரிசையில ஒக்காந்திருந்தீங்க தாத்தா. நான் மாஸ்க் போட்டிருந்தேன். 'யம்மா நர்ஸு, ரிசல்ட்டு எப்ப வரும்'னு கேட்டீங்க. நான் நர்ஸ் இல்லன்னு சொல்றதுக்குள்ள ஒங்க கதைய ஆரம்பிச்சிட்டீங்க. எக்கோ ரிப்போர்ட்டு வரைக்கும் எடுத்துக் காட்டுனீங்க. கேஸ் நோட்டுல எழுதிக்கலாமான்னு கேட்டு, நாடி பாத்து, எழுதிக்கிட்டேன்."

அந்த மாஸ்க்கும், பொறுமையாகத் தலையாட்டிய அந்தக் கண்களும் நினைவுக்கு வந்துவிட்டன. நாடி பார்த்தது கூட நினைவுக்கு வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் இளம்பெண் ஒருத்தி வந்து அனுசரணையாக விசாரித்தால் அவள் நர்ஸாகத்தான் இருப்பாள் என்று நானாகவே முடிவு செய்திருக்கிறேன். டாக்டருக்குப் படிக்கிறவளாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

நான்காவது மாணவனிடமும் விசாரித்தார்கள். பேராசிரியை கேட்ட ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னான். அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவன் நன்றாகப் படித்தவன், அவ்வளவுதான்.

எல்லாம் முடிய ஒன்பது நிமிடம் ஆனது. அந்தப் பெண்ணுக்கு ஒன்பது நிமிடம் கூடுதலாகத் தருவதாகச் சொல்லி மறுபடி வார்டுக்கு அனுப்பினார்கள். அவள் போகும்போது கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே போனாள். ஐந்தாவது மாணவனுக்கும் நான் கட்டிலில் படுத்தேன். அவன் என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன் என்று ஒன்றும் ஞாபகமில்லை. அவன் எத்தனை விநாடி நாடி பிடித்தான் என்று நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் கடலூருக்கு வந்ததும் நோட்டை எடுத்துப் புரட்டினேன். போன மாதத்துப் பக்கத்தில் என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: 'நர்ஸ் விசாரித்தார். இருபத்தைந்து நிமிடம்.' நேரம் சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

அடுத்த மாதம் போனபோது இளம் மருத்துவரிடம் முடிவைக் கேட்டேன். பதக்கம் நான்காவது மாணவனுக்கு. இந்தப் பெண் இரண்டாவது. வித்தியாசம் ஒன்றரை மதிப்பெண். முதல் மூன்று வருடங்களிலும் பரிசு வாங்கியவளாம். இந்தப் பதக்கமும் கிடைத்திருந்தால் அந்த வருடத்தின் சிறந்த மாணவி அவள்தான் என்றார். நான் கேட்காமலே அதையும் சொன்னார். வேண்டுமென்றே சொன்னாரோ என்று அன்று அவரையும் சந்தேகப்பட்டேன்.

பிறகு பல மாதங்கள் அவளை நான் பார்க்கவில்லை. போன வருடம் ஒருநாள், ரத்தம் எடுக்கும் இடத்தில் ஹவுஸ் சர்ஜனாக அவளே உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கால் பின்வாங்கியது. அவள் என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "வாங்க தாத்தா, ஒக்காருங்க. சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க!" என்றாள். பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். அந்தப் பெண் விடவில்லை: "அன்னிக்கு நீங்க போட்ட சத்தம் மூணு வார்டுக்குக் கேட்டுச்சு."

நான் மன்னிப்புக் கேட்டேன். எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் வரிசை மாறி வந்தன. கடைசியில், கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததையும் கேட்டுவிட்டேன். "என்னாலதான் அந்த மெடல் போச்சாம்மா?"

அவள் என் கையில் ரப்பரைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டே சொன்னாள். "தெரியல தாத்தா. அந்த வார்டுல எனக்குக் குடுத்த அம்மாவுக்கு மண்ணீரல் ரெண்டு வெரக்கட வீங்கியிருந்துச்சு. எனக்குக் கையில படல. அப்ப கை நடுங்கிக்கிட்டுதான் இருந்துச்சு. அது நீங்க கூப்புட்டு வெச்சுக் கேட்டதாலயா, பரீட்ச பயமா, எனக்கே சொல்லத் தெரியல. ஒங்களாலதான்னு சொன்னா பொய்யாயிடும். இல்லன்னு சொன்னாலும் பொய்தான்."

"காலேஜுக்கு நான் ஒரு லெட்டர் எழுதித் தரட்டுமா?"

"ஐயோ, இன்னொரு மனுவா! சும்மா இருங்க தாத்தா. கைய ஆட்டாதீங்க."

ஊசி ஏறியதே தெரியவில்லை. நான் அன்று பஸ்ஸில் எதையும் எண்ணாமல் உட்கார்ந்து வந்தேன். அவள் நன்றாகத் திட்டியிருந்தால் அன்றோடு எனக்கு அது தீர்ந்திருக்கும். ஆறுதலாக, 'உங்களால் இல்லை' என்று சொல்லியிருந்தாலும் தீர்ந்திருக்கும். உள்ளதைச் சொல்லிவிட்டதால் அது என்னோடு இருக்கிறது.

அன்று அந்தக் கட்டிடத்தில் நான் சந்தேகப்படாத ஆள் கிடையாது. என்னைத் தவிர. அந்தப் பெண் வாயைத் திறக்காமல் என் கையைப் பிடித்து நாடி பார்த்திருந்தால் பதக்கம் அநேகமாக அவளுக்குத்தான். பிறகு யாராவது கேள்வி கேட்டிருந்தாலும், 'இந்தப் பொண்ண நான் பாத்ததே இல்ல' என்று அவளுக்காகச் சத்தியம் செய்ய ஒரு நேர்மையான சாட்சி கட்டிலில் தயாராகப் படுத்திருந்தான். அவள் அந்தச் சாட்சியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.