அரைப்படி அரிசியும் என் மாதிரிப் பாடமும்

இன்று ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் என் மாதிரிப் பாடம். பின்பெஞ்சில் எங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் கணக்கு வாத்தியார். பக்கத்தில், என் குறைகளைச் சொல்லவென்றே வந்திருந்த சக மாணவிகள்.

அரையைக் காலால் வகுத்தேன். விடை இரண்டு.

"வகுத்தா கொறையணும்ல டீச்சர்? எப்படிக் கூடுச்சு?" என்றாள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி.

"தலைகீழாக்கிப் பெருக்குறதுதான் விதின்னு சொல்லும்மா," என்று வாத்தியார் அடியெடுத்துக் கொடுத்தார்.

நான் கேட்பேனா? மதிய உணவுச் சமையற்கட்டிலிருந்து அரைப்படி அரிசியும் ஒரு கால்படி அளவையும் வாங்கிவந்து, அவளையே அளக்கச் சொன்னேன்.

"அரைக்குள்ள ரெண்டு கால் இருக்கு டீச்சர்!" என்று கத்தினாள்.

வாத்தியார் எழுந்தே விட்டார். "நானே இப்படிச் சொல்லிக் குடுத்ததில்லம்மா!"

குறை சொல்லும் நேரத்தில் சக மாணவிகளில் லால்குடி சரோஜா மட்டும் எழுந்தாள்.

"மேஜையில அரிசி சிந்திருச்சு சார்."

இதற்கு எத்தனை மார்க் குறைக்கலாம்? நீங்களே சொல்லுங்கள்.