ஒரு விரல் உயரம்

கியர்பெட்டி எண்ணெயை வடிகட்டும் பழைய ஃபில்டரை இடது உள்ளங்கையிலும் புதியதை வலது உள்ளங்கையிலும் ஏந்தியபடி வெயிலில் நிற்கிறார் அர்லீன் பொகார்டஸ். இரண்டையும் தகரத் தட்டில் அருகருகே நிறுத்தி, மேல் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார். கண் பார்த்தால் போதாது, விரலும் பார்த்தாக வேண்டும். அதன் பிறகு வண்டிக்காரர் பக்கம் திரும்புகிறார்.

"என்ன வருஷம், கண்ணு?"

"எழுபத்தாறுன்னு இப்பத்தானே சொன்னேன்."

"வண்டி எழுபத்தாறு. கியர்பாக்ஸும் எழுபத்தாறுதானா? நடுவுல எவனாவது மாத்தினானா? எண்ணெய் நிக்கிற அடித்தட்டு ஆழமா, ஆழம் கம்மியா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, அதுக்குக் கோவிச்சுக்க மாட்டேன். தெரிஞ்ச மாதிரி பேசினாதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

குவார்ட்ஸைட் பாலைவனத்தில் குளிர்காலம் கழிக்க வருகிறவர்களில் எங்கள் கூட்டம் தனி. படுக்கையும் அடுப்பும் உள்ளேயே கொண்ட, ஐம்பது வருடப் பழைய வீட்டு வண்டிகளை வைத்துக்கொண்டு, விற்கவும் மனமில்லாமல், நம்பி ஓட்டவும் துணிவில்லாமல் திண்டாடுகிறவர்கள். நவம்பரில் வந்து சேர்வோம், மார்ச்சில் கலைவோம். இடையில் எந்த வண்டியின் கியர்பெட்டி முனகினாலும் அர்லீனைத்தான் கூப்பிடுவோம்.

எழுபத்திரண்டு வயது. கோழிக்குஞ்சு மாதிரி சின்ன உடம்பு. நரைத்த பின்னலைச் சட்டைக் காலருக்குள் செருகிக்கொண்டு, அட்டைப்பெட்டியைப் பிரித்து மணலில் விரித்து, ஒரே அசைவில் வண்டிக்கு அடியில் போய்விடுவார். என்னால் முட்டி போடவே ஐந்து நிமிடம் ஆகும். "யோவ் போஸ்ட்மேன், அங்க நின்னு பெருமூச்சு விடாத. அந்த விளக்கைப் பிடி" என்பார். நெப்ராஸ்காவில் முப்பது வருடம் தபால் சுமந்த எனக்கு இங்கே அதுதான் பெயர்.

கியர்பெட்டியின் அடித்தட்டைப் பிடித்திருக்கும் எல்லா போல்ட்டையும் ஒரேயடியாகக் கழற்ற மாட்டார். ஒரு மூலையை மட்டும் தளர்த்துவார். எண்ணெய் அந்தப் பக்கம் சாய்ந்து, சமர்த்தாகப் பாத்திரத்தில் வடியும். முதல் சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டு முகர்ந்து பார்ப்பார். செர்ரிப் பாகு மாதிரி சிவந்திருந்தால் தலையாட்டுவார். கருகிய ரொட்டி வாசனை வந்தால் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். இரும்புத்தூளைப் பிடிக்க அடித்தட்டுக்குள் வைத்திருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு படிந்திருந்தால் கவலையில்லை. மின்னும் துணுக்குகள் கிடந்தால், "இது ஃபில்டர் மாத்தித் தீர்ற வியாதி இல்ல, கண்ணு. மனசைத் தேத்திக்க" என்று சொல்லி வெளியே வந்துவிடுவார்.

ஃபில்டரின் குழாய் போய் உட்காரும் துளையில் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு நிற்கும். வேலையில் பாதி அதுதான். சுண்டுவிரலை உள்ளே விட்டுத் துழாவி அதை இழுத்தெடுத்து, உரியவரின் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்க. உள்ள இல்லங்கறதுக்கு இதுதான் சாட்சி" என்பார். புது வளையத்துக்கு எண்ணெய் தடவி, குழாயை நேராக ஏற்றி, தட்டை மூடி, எதிரெதிர் போல்ட்டாக முறுக்குவார். ஆப்பிள் கேக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அவசரப்படுத்துகிறவனுக்கு வேலை செய்ய மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. போன வருடம் என் வண்டிக்கு ஃபில்டர் தேடியபோது இரண்டு டப்பாக்களைக் காட்டி, "ரெண்டும் ஒண்ணுதானே, ஏதாவது ஒண்ணைப் போடுங்க" என்று சொல்லிவிட்டேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "அந்த வார்த்தையை என்கிட்ட சொல்லாத" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் அன்று மாலை வரை என் பக்கமே திரும்பவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இந்த மார்ச்சில் காரணம் தெரிந்தது.

கூட்டம் பாதி கலைந்திருந்தது. ஒருநாள் காலை பச்சைப் பட்டை போட்ட வீட்டு வண்டி ஒன்று தயங்கித் தயங்கி வந்து நின்றது. ஐடஹோ மாநில எண். பின்னால் மாட்டியிருந்த மாற்றுச் சக்கரத்தின் உறையில், வெளிறிய எழுத்தில் 'எல்டன் – மார்வா ப்ரூயிட்' என்று எழுதியிருந்தது. ஓட்டி வந்தது எழுபத்தைந்தைத் தொடும் ஒரு பெண்மணி. தனியாக.

"இங்க அர்லீன்னு ஒருத்தங்க ஃபில்டர் மாட்டுவாங்களாமே. வடக்க பனின்னு தெக்கால சுத்தி வந்தேன், இனிமே மலை ஏறணும். இருபத்தஞ்சு வருஷமா கொட்டகையில நின்ன வண்டி" என்றார்.

அர்லீன் அந்தச் சக்கர உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த காபி குவளை சாய்ந்து, காபி அவர் செருப்பில் கொட்டியது. அவர் காலை நகர்த்தவில்லை.

மார்வா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார். கணவர் எல்டன் போன இலையுதிர்காலத்தில் இறந்துவிட்டார். ஓரிகன் கடற்கரையில் எல்டனின் அக்காவின் கல்லறை இருக்கிறது. எல்டன் ஒருமுறைகூட அங்கே போனதில்லை.

"அவங்க சாகக் கிடந்தப்ப இந்த வண்டியிலதான் கிளம்பினோம். கிளம்பறதுக்கு முன்னாடி அவரே கியர்பாக்ஸ் ஃபில்டரை மாத்தினாரு. முதல் தடவை. ரெண்டு நாள் வண்டிக்கு அடியிலயே கிடந்தாரு. மலை மேல ஏற ஏற வண்டி விசில் அடிக்க ஆரம்பிச்சுது. அப்புறம் இஞ்சின் கத்துது, சக்கரம் நகரல. அங்கயே ரெண்டு நாள் கிடந்தோம். கட்டி இழுத்துட்டுப் போனவன் காத்து உறிஞ்சுதுன்னான், வளையம் நசுங்கியிருக்கும்னான். எண்ணெயை நிறைய ஊத்தி மெதுவா ஓட்டச் சொன்னான். நாங்க போறதுக்குள்ள அக்கா போயிட்டாங்க. அடக்கமும் முடிஞ்சிருச்சு. பாதி வழியிலேயே வீட்டுக்குத் திரும்பிட்டோம்."

"அதுக்கப்புறம்?" என்று கேட்டேன்.

"அதுக்கப்புறம் அந்த மனுஷன் ஸ்பேனரைத் தொடல. பல்பு மாத்தக்கூடப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுவாரு. 'விளங்காத கை'ம்பாரு, கையை விரிச்சுக் காட்டி. சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிகூட, 'வளையத்தை நான்தான் நசுக்கிட்டேன் மார்வா'ன்னாரு."

அர்லீன் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. தரையில்தான் உட்கார்ந்தார்.

"வளையம் நசுங்கலம்மா," என்றார். "ஃபில்டரே தப்பு. நான்தான் கொடுத்தேன்."

மார்வாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். அர்லீனே விளக்கினார்.

ஐடஹோவின் ட்வின் ஃபால்ஸில் ஓர் உதிரிபாகக் கடையில் முப்பத்தொரு வருடம் கவுன்டருக்குப் பின்னால் நின்றவர் அர்லீன். தொண்ணூற்றொன்பது அக்டோபரில் எல்டன் வந்து ஃபில்டர் கேட்டார். அதே கியர்பெட்டி ஒரு காரிலும் உண்டு. கார் ஃபில்டர் கைக்கெட்டிய அலமாரியில் இருந்தது. 'என்னோடது வீட்டு வண்டிங்க, காருக்கும் அதுக்கும் ஒரே ஃபில்டர்தானா?' என்று எல்டன் கேட்டார். வரிசையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். 'ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு' என்று சொல்லி டப்பாவை நீட்டினார் அர்லீன். வீட்டு வண்டியின் அடித்தட்டு ஆழமானது. கார் ஃபில்டர் துளையில் சரியாகவே உட்காரும், ஆனால் ஒரு விரல் உயரம் குறைவு. சமதரையில் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்கும். ஏற்றத்தில் எண்ணெய் பின்னால் ஒதுங்கினால் ஃபில்டரின் வாய் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சும்.

"தப்பு எல்லாரும் பண்றதுதான்," என்றார் அர்லீன். "நான் சொல்ல வந்தது அது இல்ல. மூணு வாரம் கழிச்சு உங்க வீட்டுக்காரர் திரும்ப வந்தாரு. 'நான் சரியா மாட்டலங்க, என் அக்காவைப் பார்க்க முடியாமப் போச்சு, இன்னொண்ணு குடுங்க'ன்னாரு. எனக்கு என்னமோ உறுத்துச்சு. உள்ள போய் பார்ட்ஸ் நம்பர் புத்தகத்தைப் புரட்டினேன். அடியில பொடி எழுத்துல போட்டிருந்துச்சு, வீட்டு வண்டிக்கு வேற நம்பர்னு. சரியானதை எடுத்துட்டு வந்து கொடுத்தேன். அவரு பிரிச்சுப் பார்த்தாரு. 'இது கொஞ்சம் உயரமா இருக்கே'ன்னாரு."

தூரத்தில் யாரோ ஜெனரேட்டரை அணைத்தார்கள்.

"'இப்பல்லாம் இப்படித்தான் வருது'ன்னு சொல்லிட்டேன். நன்றி சொல்லிட்டுப் போனாரு. எனக்கு நன்றி சொல்லிட்டுப் போனாரும்மா."

மார்வா தன் கைகளை விரித்துப் பார்த்தார்.

"வீட்டு விலாசம் உன்கிட்ட இல்லையா?"

"இருந்துச்சு. ரசீதுல இருந்துச்சு. ரெண்டு தடவை உங்க தெரு முனை வரைக்கும் வந்தேன். விளக்கு எரிஞ்சுது. திரும்பிட்டேன். கடையை விட்டுட்டு இந்த வேலையைக் கத்துக்கிட்டேன். இதால சரியாயிடும்னு நெனச்சேன்."

"அதால எங்களுக்கு என்ன?" என்றார் மார்வா. "அவரு நல்ல மனுஷன், தன்னையே திட்டிக்கிட்டாரு. நான்? நான் என்ன பண்ணேன் தெரியுமா? எங்களுக்குள்ள சண்டை வரும்போதெல்லாம் அதைத்தான் எடுப்பேன். 'பெத்தவ மாதிரி வளர்த்த அக்காவைக்கூடப் பார்க்க வக்கில்லாத கை'ன்னு சொல்லியிருக்கேன். ஒரு தடவையா, ரெண்டு தடவையா. அவரு பதில் பேசாம வெளிய போய் நிப்பாரு. நீ ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா..."

மீதியைச் சொல்லாமல் எழுந்து போய் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று பகல் முழுவதும் அந்தக் கதவு திறக்கவில்லை. அர்லீன் இரண்டு முறை போய்ப் படியருகே நின்றுவிட்டுத் திரும்பினார். தட்டவில்லை. "இன்னும் எத்தனை தடவைதான் இந்த வீட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்புவேன், போஸ்ட்மேன்" என்றார் என்னிடம். மூன்றாம் முறை தட்டினார். பதில் இல்லை.

மறுநாள் காலை மார்வாவே வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"ஃபில்டரை மாட்டு. நீயே மாட்டணும். நான் பக்கத்துல படுத்துப் பார்ப்பேன்."

இரண்டு அட்டைகள் விரித்தோம். இரண்டு கிழவிகளும் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்கள். நான் விளக்கைப் பிடித்திருந்தேன். தட்டைக் கழற்றிப் பழைய ஃபில்டரை இறக்கியதும் அர்லீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் கொடுத்த அந்த உயரமான ஃபில்டர். எல்டன் கடைசியாக ஸ்பேனர் பிடித்தது அதற்காகத்தான் போலிருக்கிறது. கொட்டகையில் நிறுத்தும் முன் மாட்டி வைத்திருந்தார். அர்லீன் வளையத்தை இழுத்தெடுத்து வெளிச்சத்தில் சுற்றிக் காட்டினார்.

"பாருங்க. எங்கயும் ஒரு நசுங்கல் இல்ல. வெட்டு இல்ல. நேரா ஏத்தியிருக்காரு. நான் மாட்டியிருந்தாலும் இப்படித்தான் மாட்டியிருப்பேன்."

மார்வா அந்த வளையத்தை வாங்கித் தன் மோதிர விரலில் மாட்டப் பார்த்தார். பெரிதாக இருந்தது. கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். அர்லீன் ஒரு போல்ட்டை மூன்று முறை தவறவிட்டார். மார்வா மணலில் தேடி எடுத்துக் கொடுத்தார், மூன்று முறையும்.

இஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் சூடானதும் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. சாயங்காலம் மலைச்சாலையில் ஏற்றி இறக்கினார்கள். விசில் சத்தம் இல்லை. வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே நிறுத்தி வைத்தார்கள்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு மார்வா கிளம்பினார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, நேராகச் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"எல்டனா இருந்தா 'போகட்டும் விடும்மா'ன்னு சொல்லியிருப்பாரு. நான் எல்டன் இல்ல."

"தெரியும்மா," என்றார் அர்லீன்.

"மலையைத் தாண்டினதும் போன் பண்றேன். உனக்காக இல்ல. வண்டி ஏறிடுச்சுன்னு யார்கிட்டயாவது சொல்லணும், அதுக்கு."

கண்ணாடி ஏறியது. பச்சைப் பட்டை வண்டி மணலைக் கிளப்பிக்கொண்டு நெடுஞ்சாலையில் திரும்பி, லாரிகளுக்கு நடுவே சிறுத்துப் போனது. மார்வா கையசைக்கவில்லை.

நான் என் நாற்காலிக்குத் திரும்பி வந்து பார்த்தபோது, இரவெல்லாம் வண்டி நின்றிருந்த இடத்தில் அர்லீன் முட்டி போட்டிருந்தார். கியர்பெட்டிக்கு நேர் கீழே இருந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். சொட்டு எண்ணெய் இல்லை, வெறும் மணல். மறுபடியும் கையைத் தரையில் பதித்தார். இந்த முறை எடுக்கவில்லை.