வர மனமில்லாதவர்

எங்கள் பொபயான் ஊருக்குப் புனித வாரத்தில் வருகிறவர்களுக்கு நான்கு நாள் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் என் அண்ணி தெயானிராவின் பிழைப்பு. பெரிய வியாழன் தொடங்கி பாஸ்கா ஞாயிறு வரை. மணிக்கூண்டுக்குப் பின்தெருவில் ஒரே கதவு வைத்த கடை. உள்ளே அவளுடைய மேசை, வாசல்படியில் என் எண்ணெய்ச் சட்டி. நான் உருளைக்கிழங்கும் நிலக்கடலையும் வைத்த எம்பனாதா பொரித்து விற்கிறேன். அவள் பேச்சு முழுக்க என் காதில் விழும். விழாவிட்டாலும் எட்டிக் கேட்டுக்கொள்வேன்.

அரைத்தாளில் பென்சிலால் எழுதுவாள். அதற்கு முன் வந்தவர்களிடம் மூன்று கேள்வி. யாருக்கு முட்டி வலி? யாருக்கு முதலில் பசிக்கும்? இவ்வளவு பேரில் வர மனமில்லாமல் வந்தவர் யார்? மூன்றாவது கேள்விக்கு எல்லாரும் திருதிருவென்று விழிப்பார்கள். அந்த வருடம் பொகோட்டாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. கேட்டதும் மற்ற ஐந்து பேரும் ஒரே நேரத்தில் மருமகனைப் பார்த்தார்கள்.

"அப்ப இவர்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்," என்றாள் அண்ணி. "தம்பி, கோயில் எல்லாம் அப்புறம். முதல்ல வாசல்ல போய் நாலு எம்பனாதா சாப்பிடுங்க."

"நாங்க எட்டு கோயில் பாக்கணும்னு பட்டியல் போட்டு வந்திருக்கோம்," என்றாள் மாமியார்.

"பாருங்கம்மா, யார் வேணாங்கிறா? ஆனா இவர் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு பின்னாடி வந்தா எட்டாவது கோயில்ல நீங்க எல்லாரும் சண்டை போட்டுக்குவீங்க. மனசில்லாதவங்கள வெச்சுத்தான் திட்டம் போடணும். மனசு இருக்கிறவங்க எங்க விட்டாலும் சந்தோஷமா இருப்பாங்க."

வெட்டு ஒன்று துண்டு இரண்டு. இருபத்தாறு வருடமாக இப்படித்தான். திட்டினாலும் அடுத்த வருடம் அவளிடமே வருவார்கள்.

அவள் புருஷன் அர்செசியோ என் அண்ணன். ஓட்டுக்கூரை வேலை செய்கிறவர். ஆனால் ஊரில் அவரைக் கூரைக்காரர் என்று யாரும் சொல்வதில்லை. வியாகுல மாதா சப்பரத்தின் பின்பக்க வலது தண்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஒரு சப்பரத்துக்கு எட்டுப் பேர். பெரிய வெள்ளி ராத்திரி மூன்று மணி நேரம் அந்தப் பாரம் அவர் தோளில் இருக்கும். இருபத்தொன்பது வருடம் சுமந்ததில் வலது தோளில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு காய்ப்பு. கடற்கரைப் பக்கத்து ஆண்கள் மீசையைத் தடவுவது போல இவர் அதைத் தடவிக்கொள்வார்.

நடுவழியில் தோள் தாங்காமல் விலகுகிறவனை எங்கள் ஊரில் 'கொக்கோ கேட்டான்' என்பார்கள். ஏன் கொக்கோ என்று எனக்குத் தெரியாது, சொல்கிறவர்களுக்கும் தெரியாது. ஆனால் கேட்டவன் கதி தெரியும். இறந்த பிறகும் அவன் பேரன் கல்யாணத்தில் யாராவது அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் காய்ச்சலோடு தூக்கியிருக்கிறார்கள், விரல் உடைந்து தூக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவன்கூட அந்த வாரத்துக்கு ஊர் வந்து சேர்ந்துவிடுவான்.

அந்த வருடம் பாஸ்காவுக்கு முந்தின தபசு காலத்தில் அண்ணி யாரிடமும் சொல்லாமல் ஒரு திட்டம் போட ஆரம்பித்தாள். மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு எழுதுவாள், அழிப்பாள். யார் வந்தாலும் மூடிவிடுவாள். நான் எட்டிப் பார்த்துவிட்டேன். நான்கு நாள் திட்டம்தான். ஆனால் எங்கள் ஊருக்கு இல்லை. சாந்தா மார்த்தாவில் இருக்கும் மூத்த மகள் யமிலே வீட்டுக்கு. வியாழன் காலை விமானம், வெள்ளிக்கிழமை கடல்.

"என்ன அண்ணி இது? புனித வாரத்துல ஊரை விட்டுப் போறதா?"

"வாய மூடுடி, தாரி," என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. அதனால் மூடிக்கொண்டேன்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அண்ணி சப்பரத்துப் பொறுப்பாளர் தோன் லெயோனிதாஸைப் போய்ப் பார்த்தாள். "இந்த வருஷம் அர்செசியோ ஊர்ல இருக்க மாட்டார். மக வீட்டுக்குப் போறோம்," என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று மாலை புருஷன் முன்னால் அந்த அரைத்தாளையும் விமான டிக்கெட்டையும் வைத்தாள். நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"நல்லா இருக்கு," என்றார். "யாருக்கு?"

"நமக்கு."

"வெள்ளிக்கிழமை நான் எங்க இருப்பேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி இருவருமே 'நீங்க' என்றுதான் பேசிக்கொள்வார்கள். சண்டை முற்ற முற்ற மரியாதை கூடும். அன்று மரியாதை கூரையைத் தொட்டது.

"டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னாரா இல்லையா? இன்னொரு தடவ தூக்கினா முதுகெலும்பு நழுவும், கால் வராதுன்னு சொன்னாரா இல்லையா? நீங்களே சொல்லுங்க சென்யோர்!"

அப்போதுதான் எனக்கே தெரியும். டிசம்பரிலிருந்து இரண்டு பேரும் என்னிடம் மறைத்திருக்கிறார்கள். எண்ணெய்க் கையோடு அப்படியே நின்றேன்.

"டாக்டர் கலி நகரத்துக்காரர். அவருக்கு என்ன தெரியும்?" என்றார் அண்ணன். "பொறுப்பாளர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"தூக்கி விழுந்திருந்தாக்கூட மூணு தெரு தாண்டி விழுந்தான்னு சொல்லுவாங்க. நீங்க என்னை வாசப்படியிலயே விழ வெச்சுட்டீங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாள் அண்ணி. வெளியூர்க்காரி என்றால் மன்னிக்கலாம். இவள் இந்தத் தெருவில் பிறந்தவள். அந்த வாரத்தில் சப்பரக்காரன் ஊரை விட்டுப் போவதற்கு இங்கே ஒரே அர்த்தம்தான் என்று அவளுக்குத் தெரியாதா? பயம் வந்தால் தெரிந்ததும் மறந்துபோகும் போல.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் படியில் ஒரு கட்டிக் கொக்கோ சாக்லேட். காகிதம் சுற்றி, மேலே நாடா கட்டி வைத்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதை யார் வைத்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அவளுக்கு நான் இன்றைக்கும் எம்பனாதா விற்பதில்லை. அண்ணி அதைப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் வந்து குனிந்து எடுத்தார். குனியும்போது ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டார். நாடாவை அவிழ்த்து ஒரு துண்டு கடித்தார்.

"சர்க்கரை கம்மி," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அண்ணி ஒவ்வொரு வருடமும் அவருக்குப் புதிதாகத் தைத்துக் கொடுக்கும் தோள்மெத்தையை இந்த வருடம் தைக்கவில்லை. போன வருடத்து மெத்தையை அவர் தானே எடுத்து வெயிலில் காயவைத்தார். ஆள் தூக்கத்தான் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பயத்தில் ஒரு சட்டி எம்பனாதாவைக் கருக்கினேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கடையில் கூட்டம். வரிசையில் என் அண்ணன் நிற்கிறார், கையில் தொப்பியோடு. தன் முறை வரும்வரை காத்திருந்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரும்போது முகம் சுளித்தது.

"நாலு நாள் திட்டம் ஒண்ணு வேணும், சென்யோரா," என்றார்.

அண்ணி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அரைத்தாளை எடுத்தாள். வழக்கமான குரலில்தான் கேட்டாள்.

"எந்த ஊருக்கு?"

"இதே ஊருக்கு."

"எத்தன பேர்?"

"ரெண்டு."

"முட்டி வலி யாருக்கு?"

"முட்டி நல்லாத்தான் இருக்கு. முதுகுதான் போச்சு." முதல் தடவையாக அவர் வாயிலிருந்து அது வந்தது. வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் எங்கள் தெருக்காரர்கள். அவர்கள் கேட்கட்டும் என்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"யாருக்கு முதல்ல பசிக்கும்?"

"எனக்குத்தான். எப்பவும் எனக்குத்தான்."

மூன்றாவது கேள்விக்கு அண்ணி நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். ஒரு மாதம் உட்கார்ந்து போட்ட திட்டத்தில் தன் கேள்வியைத் தான் கேட்காமல் விட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ரெண்டு பேர்ல வர மனசில்லாதவர் யார்?"

"நான்," என்றார் அண்ணன். "எனக்குக் கொஞ்சங்கூட மனசில்ல, தெயா."

"அப்ப உங்கள்ல இருந்து ஆரம்பிப்போம்," என்று அவள் எழுத ஆரம்பித்தாள். இருவரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார்கள். வரிசையில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

அந்தத் தாள் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. நான்கு நாளுக்கு மேலே புதன்கிழமையையும் சேர்த்து எழுதியிருக்கிறாள்: 'மெத்தை தைத்து முடிக்க. தோள் அளவு, ஃபாப்ரிசியானோ.' ஃபாப்ரிசியானோ நாற்பது வயதுத் தச்சன். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தோள் கொடுக்க அந்தச் சப்பரத்துக்குப் பின்னால் பதினொரு வருடம் நடந்தவன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, பாவம். அண்ணி அவனை நிற்கவைத்து நாடாவால் அளந்தபோது அவன்தான் அழுதான். அவள் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கோயிலில் எட்டுப் பேரும் சப்பரத்துக்குப் பூ வைக்கக் கூடினார்கள். அண்ணன் சப்பரக்காரர்களின் அங்கியைப் போட்டுக்கொண்டுதான் போனார். எல்லார் முன்னாலும் புது மெத்தையை ஃபாப்ரிசியானோ தோளில் வைத்தார், நிற்கும்போது தண்டுக்கு முட்டுக்கொடுக்கும் தன் கவைக்கோலை அவன் கையில் கொடுத்தார்.

"பின்னாடி வலது தண்டு கொஞ்சம் இறங்கியிருக்கும், பாத்துக்கோ," என்றார். "மூணாவது மூலையில காலு வழுக்கும்."

தோன் லெயோனிதாஸ் தொண்டையைச் செருமினார். "வெளியூர் போறதாச் சொன்னாங்களே?"

"போகல. முதுகு போச்சு, தோன் லெயோனிதாஸ், தூக்க முடியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. தன் வாயால், தன் காலில் நின்று சொல்கிறவனைப் பார்த்துச் சிரிக்க எங்கள் ஊருக்கும் கூச்சம் உண்டு. பிறகு அண்ணன் அங்கியைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்தார்.

எட்டு மணிக்கு அண்ணி வெளியூர்க்காரர்களை உட்காரவைக்கும் இடத்தில் மூன்று நாற்காலி போட்டிருந்தாள். சப்பரங்கள் கவைக்கோலில் நின்று இளைப்பாறும் இடம் அது. பொகோட்டாக் குடும்பம் எங்களுக்குப் பக்கத்தில். மருமகன் எல்லாருக்கும் முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான்.

மெழுகுவத்தி வெளிச்சம் வெள்ளைச் சுவரில் ஏறி வந்தது. வியாகுல மாதா சப்பரம் தெருமுனை திரும்பியபோது அண்ணனின் வலது தோள் தானாக உயர்ந்ததைப் பார்த்தேன். அவருக்கே தெரியாது. அண்ணி அந்தக் காய்ப்பின் மேல் கையை வைத்து மெல்ல அழுத்தினாள், தோள் இறங்கும்வரை. சப்பரம் எங்கள் எதிரில் வந்து நின்றது. ஃபாப்ரிசியானோ முகம் முழுக்க வியர்வை. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அண்ணன் மாதாவை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வத்தி வெளிச்சத்துல முகம் இப்படியா இருக்கும்?" என்றார். "பின்னாடி தண்டுல இருந்தா முதுகுதான் தெரியும். இருபத்தொன்பது வருஷத்துல ஒரு நாளும் பாத்ததில்ல."

"நானும் பாத்ததில்ல," என்றாள் அண்ணி.

"நீங்களா? கூடவே நடந்துதானே வந்தீங்க, ஒவ்வொரு வருஷமும்?"

"ஆமா. உங்க காலு தடுமாறுதான்னு பாத்துக்கிட்டே வந்தேன்."