முட்டி மடங்காத ரோபோ

போன வாரம் அண்ணன் மகளுக்குத் துணையாகத் தஞ்சாவூரில் ஒரு நகக் கடைக்குப் போனேன். நகம் வெட்டுகிற கடை என்று நினைத்துவிடாதீர்கள், நகம் ஒட்டுகிற கடை. இருக்கிற நகத்தின்மேல் ஏதோ ஒரு மாவைக் குழைத்து அப்பி, சுண்டுவிரல் நீளத்துக்கு வளர்த்துவிடுகிறார்கள். அந்தக் கையால் சோறு பிசைய முடியாது, தலை சொறிய முடியாது, அவசரத்துக்கு ஒரு ஊக்கு மாட்ட முடியாது. இதற்கு ஒரு வாரம் முன்பே டோக்கன் போட வேண்டுமாம். கடைக் கதவைத் திறந்ததுமே மூக்கில் சுருக்கென்று ஒரு வாசனை ஏறியது. எனக்கு அது நகக் கடை வாசனை இல்லை. பல் செட்டு செய்கிற லேபில் பவுடரைக் குழைக்க ஊற்றுவோமே, மோனோமர் என்கிற அந்தத் தண்ணி, அதே வாசனை.

அண்ணன் மகள் ஒரு கையை மேஜைமேல் நீட்டிவிட்டு மறு கையால் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பி போட்ட ஒருத்தன், ஜப்பான் கார்ட்டூனில் வருகிற ராட்சச ரோபோ பொம்மையை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான். துண்டு துண்டாகப் பெட்டியில் வரும், நாமே மாட்டிக் கட்ட வேண்டும். அதைக் கட்டி முடித்துவிட்டு அதற்கு விமர்சனமாம். "கலர் வேற லெவல் மக்களே, துப்பாக்கி வேற லெவல் மக்களே." லெவல் என்று ஒன்று இருந்தால்தானே வேற லெவல் என்று ஒன்று இருக்கும். எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்த தழும்பு தோளில் பரு போலத் துருத்திக்கொண்டிருக்கிறது. உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்தால் போயிருக்கும். அதைக்கூடச் செய்யாத சோம்பேறி, தனக்குத்தானே பத்துக்கு ஒன்பதரை போட்டுக்கொண்டான்.

"இவன்லாம் மார்க் போட வந்துட்டான்" என்றேன்.

"அத்தை, சும்மா இருங்க. உங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றாள்.

தெரியும். ஒரே ஒரு ரோபோவுக்கு நானும் மார்க் போட்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது, வாய்க்கு மட்டும் அறுபது. பூதலூரிலிருந்து காலை ரயிலில் தஞ்சாவூர் வந்து, மாடியில் இருந்த ஒரு சின்ன பல் லேபில் வேலை பார்த்தேன். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், நாங்கள் பல் செட்டு செய்து கொடுப்போம். சில டாக்டர்கள் எடுக்கிற அச்சு இருக்கிறதே, வாயில் எடுத்ததா வாய்க்கால் கரையில் எடுத்ததா என்று சந்தேகமாக இருக்கும். அதிலும் பல்லைக் கச்சிதமாக உட்கார வைக்கிறவள் நான் என்று எனக்கு ஒரு திமிர். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் ஈறு ஓரத்தை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லிவிடுவேன். முதலாளியே என்னிடம் காட்டிவிட்டுத்தான் டெலிவரிக்கு அனுப்புவார். அதில் இன்னும் கொஞ்சம் தலைக்கு ஏறியது.

என்னோடு வேலை பார்த்தவன் ஹாஜா. கீழ்வேளூர்க்காரன், என்னைவிட மூன்று வயது சின்னவன், என்னை அக்கா என்பான். அவன் மெழுகில் ஈறு செதுக்கினால் அதில் ரத்தம் ஓடுவது போல இருக்கும். இதை நான் ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை. "பரவாயில்ல, போகும்" என்பேன். எங்கள் லேபில் அதுதான் அதிகபட்சப் பாராட்டு, அதையும் நான்தான் ஏற்படுத்தி வைத்திருந்தேன்.

அவன் லாத்தா, அதாவது கூடப் பிறந்த அக்கா, அவளுடைய வீட்டுக்காரர் துபாயில் இருந்தார், அவனுக்கு மச்சான். கட்டப் போகிற கட்டிடங்களையெல்லாம் முன்கூட்டியே மேஜைமேல் வைக்கிற அளவுக்குச் சின்னதாகச் செய்து காட்டுகிற ஒரு கம்பெனியில் வேலை. தன் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவில் வந்தவர், ஹாஜாவுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே அந்த ரோபோ. அங்கே ஆள் எடுக்க இதுதான் டெஸ்டாம். இதைக் கட்டித் தர வேண்டும், மச்சான் திரும்பும்போது கையோடு எடுத்துப் போவார், கம்பெனிக்காரர்கள் பார்த்துப் பிடித்திருந்தால் விசா. ஹாஜாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவன் பெட்டியைத் திறந்த விதத்திலேயே தெரிந்தது. பிஸ்மி சொல்லித்தான் திறந்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வேலைக்கு டெஸ்ட் வைக்கிறார்கள், வைக்கிறதுதான் வைக்கிறார்கள், பொம்மையா கிடைத்தது? மார்பில் இரண்டு ஜன்னல், தோளில் இரண்டு முறம், நெற்றியில் கொம்பு. பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகமும் தனியாக மடித்த ஒரு பெரிய தாளும் இருந்தன. எல்லாம் ஜப்பான் எழுத்து. புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அவன் கட்டினான். தாளை நான் எடுத்துக்கொண்டேன். வழவழப்பான நல்ல தாள், மேஜையில் சாம்பார் சிந்தாமல் இருக்கும் என்று என் கேரியருக்கு அடியில் போட்டுக்கொண்டேன். விரித்துப் பார்க்கக்கூட இல்லை, மடித்தது மடித்தபடியே கிடந்தது.

மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதிலேயே போட்டான். ஒவ்வொரு துண்டையும் வெட்டி, தழும்பை அரத்தால் சீவி, உப்புத்தாளில் தேய்த்து, பல் பாலிஷ் போடுகிற மோட்டாரில் மெல்லக் காட்டி எடுத்தான். உடம்பில் ஓடுகிற பள்ளக் கோடுகளில் மை ஊற்றித் துடைத்தான். அதற்கு ஒட்டுப் பசையே தேவையில்லை, ஒன்றோடொன்று கிளிக்கென்று மாட்டிக்கொள்ளும். நான் சாப்பிட்டுக்கொண்டே கிண்டல் செய்வேன். "என்னடா, ராசாவுக்கு இன்னிக்குத் தொடை முளைச்சாச்சா?" என்பேன். அவன் சிரிப்பான்.

கட்டி முடித்ததும் என் உள்ளங்கையில் கொண்டுவந்து வைத்தான்.

"அக்கா, பாத்துச் சொல்லுங்க. நீங்க ஓகே சொன்னா நான் தைரியமா குடுத்துடுவேன்."

கண்ணை மூடினேன். நகத்தால் இழுத்தேன். ஒரு இடத்தில் சொரசொரப்பு இல்லை. என் ஆயுளில் அவ்வளவு சுத்தமான வேலை என் கையில் வந்ததில்லை. பேசாமல் அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். பாராட்டு என்றால் எனக்குத்தான் பல் கூசுமே. ஏதாவது குறை கிடைக்குமா என்று காலை லேசாகத் தொட்டேன், ஆடியது. கையைத் தொட்டேன், அதுவும் ஆடியது.

"என்னடா இது, லொடலொடன்னு ஆடுது? இப்படி ஒரு பல் செட்டு குடுத்தா மூஞ்சில விட்டெறிவாங்க. நாலு மார்க்."

"மாட்டுறப்பவே கொஞ்சம் ஆடுச்சுக்கா. நான்தான் சரியா உக்கார வைக்கலயோ என்னவோ."

"டைட் பண்ணு. மோனோமர் ஒரு சொட்டு விடு, இறுகிப்போயிரும்."

அவன் உடனே மோனோமர் பாட்டிலைத் திறந்தான். மெல்லிய பிரஷை எடுத்தான். கழுத்து, தோள், முழங்கை, இடுப்பு, முட்டி, எல்லா மூட்டிலும் ஒவ்வொரு சொட்டாக வைத்தான். பிளாஸ்டிக் இளகி, ஒன்றோடொன்று கலந்து, இறுகியது. அரை மணி நேரத்தில் ரோபோ ஒரே கட்டையாக விறைத்து நின்றது. தட்டிப் பார்த்தேன். "இப்ப போகும்" என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மச்சான் மறுநாள் மதியம் கிளம்புகிறார். அன்று சாயங்காலம் லேபைப் பூட்டுவதற்கு முன் குழாயடியில் கேரியரைக் கழுவினேன். அடியில் ஒட்டியிருந்த தாளைப் பிய்த்துத் தூக்கிப் போடப் போனேன், அது விரிந்தது. உள்பக்கம் முழுக்கப் படம். ரோபோ முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலைத் தூக்கி உதைக்கிறது. கையை மடக்கி வாளை ஓங்குகிறது. ஒவ்வொரு மூட்டுக்கும் அம்புக்குறி போட்டு, எவ்வளவு தூரம் மடங்கும் என்று வட்டம் வரைந்திருந்தது. ஆடுவதற்காகவே செய்த மூட்டுகள். அதை எவ்வளவு சுத்தமாக மாட்டியிருக்கிறான் என்று பார்ப்பதுதான் டெஸ்டே.

ஹாஜா நாலடி தள்ளி அதைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். அப்போதே சொல்லியிருந்தால் வழி இருந்தது. மோட்டார் இருக்கிறது, வட்டத் தகடு இருக்கிறது, முட்டியை வெட்டி ஒரு கம்பி போட்டு மடங்க வைக்க எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். முழு உடம்பு இல்லாவிட்டாலும் காலையாவது காப்பாற்றியிருக்கலாம். அதற்கு ஒரே ஒரு வாக்கியம் வேண்டும், "நான் சொன்னது தப்புடா." அது என் வாயிலிருந்து வரவில்லை. அவன் போய்விடுவானே என்ற ஏக்கமா என்று கேட்பீர்கள். இல்லை. அப்படி இருந்திருந்தாலாவது அதை ஒரு மனுஷக் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். என் கை தப்பாகச் சொல்லிவிட்டது என்று ஒரு சின்னப் பையனுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். தாளை மடித்துச் சுண்ணாம்புக் கழிவு வாளியில் போட்டு, மேலே ஒரு கை ஈர பிளாஸ்டரையும் அள்ளிப் போட்டேன். கேவலமான காரியம். அன்றைக்கு அது எனக்குக் கேவலமாகத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து மச்சான் போனில் நாலே வார்த்தையில் முடித்துவிட்டார். ஹாஜா என்னிடம் வந்து சொன்னான், "கை பத்தாதுன்னு சொல்லிட்டாங்களாம்க்கா." என்ன குறை என்று கேட்க அவனுக்கும் தோன்றவில்லை, சொல்ல எனக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அவன் மெழுகு செதுக்கும்போது கத்தி தயங்கியது, கண்ணால் பார்த்தேன். ஒரு வருஷம் போவதற்குள் நின்றுவிட்டான்.

சில மாதம் முன்பு வேளாங்கண்ணி போய்விட்டுத் திரும்பும்போது கீழ்வேளூரில் பஸ்ஸுக்காக இறங்கி நின்றேன். எதிரே ஒரு மளிகைக் கடை, கல்லாவில் ஹாஜா. பாதித் தாடி நரைத்திருந்தது. ஓடி வந்து, "அக்கா, வாங்க வாங்க" என்று நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தான். பழைய கதையெல்லாம் பேசினோம். முதலாளி இப்போது இல்லை, லேப் இருந்த மாடியில் டியூஷன் நடக்கிறது, மச்சானும் காலமாகி நாலு வருஷமாம். வெல்லத்தை உடைத்துத் தாளில் மடித்துக்கொண்டே ஹாஜா சொன்னான்:

"எல்லாம் நல்லதுக்குத்தாங்க்கா. எனக்குக் கை வராதுன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. இல்லாட்டி அந்த வேலையிலயே கெடந்து சீரழிஞ்சிருப்பேன்."

அவன் கையில் ஒரு குறையும் இருந்ததில்லை என்று அறிந்த ஆள் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். டீ கிளாஸை வைத்துவிட்டு, "ஆமாடா" என்றேன்.