மாற்று வேட்பாளரின் ஏழு சட்டைகள்

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டியிடவே போகாத ஒரு தேர்தலுக்கு ஏழு வெள்ளைச் சட்டை தைத்தவன் நான். கிழமைக்கு ஒன்று. கடலூரில் தைத்தால் விஷயம் வெளியே போய்விடும் என்று பஸ் ஏறிச் சிதம்பரத்தில் கொடுத்தேன். "வீட்ல விசேஷமா சார்?" என்றார் டெய்லர். "வந்தாலும் வரும்" என்றேன்.

என் நண்பன் கடலூர் முதுநகரில் இரண்டு முறை கவுன்சிலர். சாக்கடை அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் அவன் பைக் கிளம்பும்; பின்சீட்டில் நான் இருப்பேன். கட்சி அவனை எம்.எல்.ஏ. தேர்தலுக்கு நிறுத்தியபோது, மாற்று வேட்பாளராக என்னை மனுப்போடச் சொன்னான். அவன் மனு தள்ளுபடியானால்தான் என் மனுவுக்கு உயிர். அதனால் ரொம்ப நம்பிக்கையான ஆளைத்தான் போடுவார்கள். என்னைப் போட்டான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குளிக்கும்போதுகூட வாளியைப் பார்த்துக் கும்பிட்டேன்.

மனுப் பரிசீலனை அன்று, அவன் சொத்து விவரத்தில் ஏதோ விட்டுப்போயிருப்பதாக எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். தேர்தல் அதிகாரி முடிவை மூன்று மணிக்குத் தள்ளிவைத்தார். நண்பன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டான். நான் ஆபீஸ் கேட்டுக்கும் டீக்கடைக்குமாக நடந்தேன். ஐந்து டீ ஆகிவிட்டது. அதிகாரி கார் பக்கம் போனால் நெஞ்சு அடித்தது; திரும்பி வந்தால் அதைவிட அடித்தது. நண்பன் தோற்கக்கூடாது, ஆனால் நிற்கவும் கூடாது: இந்த வேண்டுதலை எந்தச் சாமியிடம் வைப்பது?

"என்ன மச்சான், எனக்கு வரவேண்டிய வேர்வ ஒனக்கு வருது?" என்றான் அவன்.

"வெயில் ஜாஸ்தி மச்சான்."

"நெழல்லதான நிக்கிற."

மூன்று மணிக்கு ஆட்சேபம் செல்லாது என்று அவன் மனுவை ஏற்றார்கள். என் மனு அந்த நிமிடமே செத்தது. எல்லோருக்கும் முன்னால் பாய்ந்துபோய் அவனைக் கட்டிப்பிடித்தது நான்தான். கண்ணீர்கூட வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

அவன் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனான். பைக் காரானது, எனக்கு அதிலும் பின்சீட்டுதான். அந்த ஏழு சட்டையையும் ஐந்து வருஷமாக அவன் கூட்டங்களுக்கே போட்டு நைந்துபோக விட்டேன்.

இப்போது மறுபடியும் அவனுக்கே சீட்டு. போன வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். மாற்று வேட்பாளர் மனுவில் அவன் மனைவி கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் மச்சான், இந்தத் தடவ நான் இல்லயா?" என்றேன், முடிந்தவரை சாதாரணமாக.

அவன் காகிதத்திலிருந்து நிமிரவில்லை.

"நானும் சிதம்பரத்துலதான் மச்சான் சட்ட தைக்கிறேன்."