மட்டம் தட்டாத இரண்டு ஏக்கர்

2004 ஐப்பசியில் நாங்கள் நட்ட புங்கன், வேப்பங்கன்றுகளில் முக்கால்வாசி சித்திரைக்குள் காய்ந்துவிட்டன. கடலூர் மாவட்டத்தில், பழுப்பு நிலக்கரி வெட்டி எடுத்த பள்ளத்தை மண் கொட்டி மூடிய நிலம் அது. அங்கே மரம் வளர்க்கும் பிரிவில் நான் சூப்பர்வைசர். தண்ணீர் சரியாக ஊற்றவில்லை என்று என் ஆட்கள்மேல் பழி விழுந்தது. டேங்கருக்குப் பின்னாலேயே நடந்தவள் நான். ஊற்றியது எனக்குத் தெரியும்.

ஒருநாள் காலையில் கடப்பாரையோடு போய், செத்த கன்றுகளைத் தோண்டினேன். நாங்கள் குழியில் போட்ட மண்ணைத் தாண்டி ஒரு வேர்கூட இறங்கவில்லை. உள்ளேயே சுற்றிச் சுற்றிச் சுருண்டு கிடந்தது. குழிக்கு வெளியே குத்தினால் கடப்பாரை ணங்கென்று திரும்பியது.

நிலம் அப்படி இறுகியது, மண்ணைத் தள்ளி மட்டமாக்கும் டோசரால். அதை ஓட்டியவர் கலியபெருமாள். லெவல் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தாம்பாளம் மாதிரி மட்டமாகும்வரை ஒரே இடத்தில் பத்துத் தடவை போய்வருவார். அதற்காகவே பேர் வாங்கியவர். அவரிடம் போய் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் தயங்கினேன். பிறகு ஒரு கன்றைச் சுருண்ட வேரோடு எடுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"இருவது வருசமா மட்டமாப் போடுன்னுதான் சொன்னாங்க மேடம். இறுகக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலியே."

அடுத்து மூடிய இடத்தில் இரண்டு ஏக்கரை மட்டும் தளர்வாக விடச் சொன்னேன். மேலோட்டமாக ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மேடும் பள்ளமுமாகக் கிடந்ததைப் பார்த்த அதிகாரிக்குக் கோபம் வந்தது. புதிதாக வண்டி பழகுகிறவன் போட்டதா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் கலியபெருமாள் முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் சார். தெரிஞ்சேதான் போட்டேன். ஒரு மழை பாருங்க. அப்பவும் புடிக்கலன்னா நானே மட்டமாக்கித் தர்றேன்."

மழை வந்தது. மட்டமான நிலத்தில் தண்ணீர் வழிந்தோடியது. எங்கள் பள்ளங்களில் நின்று மெல்ல உள்ளே இறங்கியது. மறு கோடையில் அந்த இரண்டு ஏக்கரில் நட்டதில் பத்துக்கு எட்டுக் கன்று பச்சையாக இருந்தது. அதிகாரி நடந்து பார்த்தார். பாராட்டவில்லை. இனிமேல் மூடும் நிலத்தையும் இதே மாதிரி விடச் சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு அதுவே போதும்.

அதற்குப் பிறகு எங்கே நடுவதாக இருந்தாலும், நர்சரியில் கன்று எடுப்பதற்கு முன்னால் டோசர் ஓட்டுகிறவரிடம்தான் முதலில் போய்ப் பேசினேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்.

2012-இல் கலியபெருமாள் ரிட்டயர் ஆனார். கழுத்தில் போட்ட மாலையோடு மனைவியை அழைத்துக்கொண்டு நேராக அந்த இரண்டு ஏக்கருக்கு வந்தார். புங்கமரங்கள் ஒன்றோடொன்று கிளை கோத்து நிழல் கட்டியிருந்தன. இங்கே என்ன வேலை செய்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டார்.

"வேலய நிறுத்தினேன்" என்றார் அவர், மரங்களை அண்ணாந்து பார்த்தபடி. "எப்ப நிறுத்தணும்னு தெரிஞ்சு நிறுத்தினேன்."